விடுமுறை எனக்கும்தான்

என்னைக் குறிவைத்து நேற்று ஒருவர் போட்ட பதிவைப் பாதிப் பேர் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிய நல்ல உள்ளங்களுக்கு நன்றி. பெயரைப் போடாமல், ஆனால் ஆள் யாரென்று ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதுவது ஒரு தனித் திறமைதான். “குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய், பிள்ளைகளை விட்டுவிட்டு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் தாய்மார்கள்.” தாய்மார்கள்! மரியாதைக்குப் பன்மை போலிருக்கிறது.

சரி, சொல்லிவிடுகிறேன். விடுமுறை எனக்கும்தான்.

ஆகஸ்டில் கோமோ ஏரிக்குப் போனவர்களுக்குத் தெரியும், வெயில் ஏறிவிட்டால் கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது நடக்காத காரியம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் குட்டைச் சுவர், அதற்குக் கீழே ஏரி. எதிரே பஸ் வந்தால் கார்களே ஓரங்கட்டி நிற்கும். விடிகிற நேரத்தில் கிளம்பினால்தான் உண்டு. நாங்கள் தங்கியது ஏரிக்கரை ஊரான பெல்லாஜியோவில். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருவதற்குள் நான் திரும்பி வந்து குளித்தும் முடித்திருப்பேன். இதில் யாரை எங்கே விட்டுவிட்டேன்? தூங்குகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்க வேண்டுமா?

பெல்லாஜியோவில் தங்கிவிட்டு கிசால்லோ மலைச் சாலையில் சைக்கிளில் ஏறாமல் வருவது, பழனிக்குப் போய் அடிவாரத்தோடு திரும்புகிற மாதிரி. பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். ஊரை விட்டு வெளியே வந்ததுமே 14 சதவீதம் வரை செங்குத்து, அதாவது நூறு மீட்டர் போனால் பதினான்கு மீட்டர் உயரம். இருக்கிற கியரெல்லாம் தீர்ந்துபோய், கை மட்டும் பழக்கதோஷத்தில் இன்னொரு கியரைத் தேடும். வழியில் சிவென்னா என்ற ஊர்ப் பக்கம் சாலை கொஞ்சம் இரக்கப்பட்டு மூச்சுவிட வைக்கும், அப்புறம் மறுபடி வளைந்து வளைந்து ஏற்றம். 754 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன மாதா கோயில். 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த மாதாவைத்தான் சைக்கிள்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார்.

காலையில் நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. அதனால் இன்னொரு நாள் எல்லோரையும் காரில் அழைத்துப் போனேன். ஆமாம், “பிள்ளைகளை விட்டுவிட்டு”க் கிளம்புகிற அதே ஆள்தான். உள்ளே சுவரெல்லாம் பந்தய வீரர்களின் ஜெர்சிகள், அந்தக் காலத்து இத்தாலியச் சாம்பியன்கள் கோப்பி, பார்த்தாலி ஓட்டிய சைக்கிள்கள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். “சைக்கிளுக்குக்கூட ஒரு சாமியா!” என்று கும்பிட்டுவிட்டு, என் பெயரைச் சொல்லி என்னவோ வேண்டிக்கொண்டார். மகன் ஒரே இடத்தில் நின்றுவிட்டான். நசுங்கிப்போன ஒரு சைக்கிள். ஃபாபியோ கசார்தெல்லியுடையது. அந்தக் கோமோ பக்கத்துப் பையன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். 1995 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பிரனீஸ் மலையில் இறங்கும்போது விழுந்து இறந்தார். வயது 24.

“அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், ஏதாவது ஆகிவிட்டால்?” என்று இப்போது வருவீர்கள். எனக்குத் தெரியாதா? அந்த சைக்கிளுக்கு முன்னால் நின்றவள் நான். ஹெல்மெட் போடுகிறேன். முன்னும் பின்னும் விளக்கு. சுரங்கச் சாலைக்குள் வெளிச்சம் பட்டால் மின்னும் சட்டை போடச் சொல்கிறது அந்த நாட்டுச் சட்டம், அதையும் போடுகிறேன். சைக்கிளை முந்தும் கார்கள் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று 2024 கடைசியில் ஒரு விதியும் வந்தது, “சாலை இடம் கொடுத்தால்” என்ற வாலோடு. அந்தச் சாலை எங்கே இடம் கொடுக்கப்போகிறது, அது வேறு கதை. ஆனால் அதே சாலையில் பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனை நோண்டியபடி கார் ஓட்டுகிறவர்களைப் பற்றி யாரும் பதிவு போட்டு நான் பார்த்ததில்லை.

“காரில் சைக்கிள் கட்ட இடம் இருந்ததா” என்று ஒரு கேள்வி. அதே காரில் ரைஸ் குக்கரும் வந்தது. புளிக்காய்ச்சல் பாட்டில் வந்தது, கவிழ்ந்து என் ஷூவில் கொட்டியும் வைத்தது. அதற்கெல்லாம் இடம் இருந்தது.

அப்புறம் என் கணவர் பாவமாம். கமெண்டில் வரிசையாகக் கண்ணீர் பொம்மைகள். விடுமுறையில் காலை உப்புமா கிளறினாராம். வருடம் முழுக்க நான் கிளறுகிறேன், ஒரு ஜீவன் பாவம் என்றதில்லை. அவர் சைக்கிளில் போய் நான் உப்புமா கிளறியிருந்தால் “செம ஃபிட்னஸ் ப்ரோ” என்று அதே ஆட்கள் எழுதியிருப்பீர்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்தப் பக்கத்தின் பெரிய சைக்கிள் பந்தயம் லொம்பார்டியா, 1905இலிருந்து நடக்கிறது. 1917இல் அதில் ஆண்களோடு சேர்ந்து அல்ஃபோன்சினா ஸ்த்ராதா என்ற பெண் ஓட்டி முடித்தார், கடைசியாக. 1924இல் இத்தாலியைச் சுற்றி வரும் ஜிரோ தித்தாலியா பந்தயத்தையே ஓட்டினார். நடுவழியில் ஹேண்டில்பார் உடைந்தபோது துடைப்பக் கட்டையைச் செருகிக்கொண்டு போனாராம். பெண் கையில் துடைப்பம் இருந்தால்தான் நமக்கு நிம்மதி என்றால், அதையும் அவர் நிறைவேற்றிவிட்டார்.

எல்லாப் பெண்களும் சைக்கிள் ஓட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏரிக்கரையில் காபி குடித்துக்கொண்டு சும்மா உட்காருங்கள், அதுவும் விடுமுறைதான். எனக்குப் பிடித்தது இது. இதைச் செய்ய விடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். கேட்கிறேன் என்று எழுதுவதற்கே எரிச்சலாக இருக்கிறது, யாரிடம் நான் அனுமதி கேட்க வேண்டும்?

முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். எழுதியவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். அவருடைய பிரசவத்தின்போது அவர் அம்மாவுக்கு விசா கிடைக்காமல் தவித்தபோது, பத்தியச் சமையல் செய்து டிராமில் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அன்றைக்கும் என் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

போகட்டும். அடுத்த கோடையில் அதே பக்கத்தில் சோர்மானோ சுவர் என்கிற செங்குத்துச் சாலையில் ஏறப்போகிறேன். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவுதான், சராசரியே 15 சதவீதத்துக்கு மேல், சில இடங்களில் 25ஐத் தாண்டும். 1960இல் லொம்பார்டியா பந்தயத்தில் சேர்த்து, 1962க்குப் பிறகு விட்டுவிட்டு, 2012இல்தான் மறுபடி கொண்டுவந்தார்கள். பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தையும் போடுவேன். ரவையை இங்கேயே வறுத்து எடுத்துப் போகலாம் என்று கணவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.