இரண்டு டிரஸ்டுகள் சேரும் முன் ஒப்பந்தங்களை யார் படித்தார்கள்?

இங்கிலாந்தில் பள்ளிகளை நடத்தும் டிரஸ்டுகள் ஒன்றோடொன்று இணைவது இப்போது சாதாரணமாகிவிட்டது. 2010 அகாடமி சட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சியின் கையை விட்டு வெளியே வந்த பள்ளிகள் பல, முதலில் நாலைந்தாகச் சேர்ந்து சின்ன டிரஸ்டுகளாக இருந்தன. அந்தச் சின்னவை பெரியவற்றோடு சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு இணைப்பின்போதும் அறங்காவலர்கள் முன் ஒரு தொகை வைக்கப்படும்: சேர்ந்து வாங்கினால் ஆண்டுக்கு இவ்வளவு மிச்சம். டிரஸ்ட் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தொகையை எழுதும் நேரத்தில் பெரும்பாலும் ஒப்பந்தங்களை யாரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. அது பிள்ளைகளின் படிப்புக்கென்று வந்த பணம்.

ஒரு டிரஸ்ட் என்பது சட்டப்படி ஒரு கம்பெனி. இணைப்பு முடிந்ததும் பழைய கம்பெனி மூடப்படும். ஆனால் துப்புரவு, சமையல், காப்பியர், இணையம் என எல்லா ஒப்பந்தமும் அந்தப் பழைய பெயரில்தான் இருக்கும். அவற்றைப் புதிய டிரஸ்டின் பெயருக்கு முழுதாக மாற்ற வேண்டுமென்றால் பொதுவாக சப்ளையரும் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு இது நல்ல சந்தர்ப்பம். "சரி, போடுகிறேன், ஒப்பந்தத்தை இன்னும் 2 ஆண்டு நீட்டுங்கள்" என்பார். இணைப்புத் தேதி நெருங்கிவிட்டால் மறுக்க நமக்கு நேரம் இருக்காது.

காப்பியர் லீஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். இயந்திரத்தைப் பராமரிப்பது ஒரு நிறுவனம், லீஸ் பணம் வாங்குவது வேறொரு நிதி நிறுவனம். பராமரிப்பை நிறுத்தினாலும் லீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். பாதியில் முறித்தால் மீதிக் காலத்துக்கான தவணைகளைக் கேட்பார்கள். இணையும் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒன்று வெவ்வேறு ஆண்டில் முடிகிறது என்றால், முதல் ஆண்டில் மிச்சம் எங்கிருந்து வரும்?

மென்பொருளும் இதே கதைதான். மாணவர் விவரங்களைப் பள்ளிகள் பதிந்துவைக்கும் சிம்ஸ் மென்பொருளை விற்ற இ.எஸ்.எஸ். நிறுவனம், ஓராண்டு ஒப்பந்தத்தை மூன்றாண்டாக மாற்றியபோது பள்ளிகள் திணறின. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2022இல் விசாரணை தொடங்கியது. 2023 ஜனவரியில்தான், தகுதியுள்ள பள்ளிகள் முன்கூட்டியே விலகுவதற்கான வழியை அந்த நிறுவனத்தின் உறுதிமொழியாக ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டின் ஆணையமே தலையிட வேண்டியிருந்தது என்றால், ஒப்பந்தத்தின் காலமும் நோட்டீஸ் தேதியும் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

காப்பீடு அவ்வளவு சிக்கல் இல்லை. 2014 முதல் தனியார் காப்பீட்டுக்குப் பதிலாக அரசின் இடர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, இரு தரப்பும் அதில் இருந்தால் வேலை சுலபம்.

சரி, எல்லாவற்றையும் ஒரே சப்ளையரிடம் கொடுத்துவிடலாமே என்பார்கள். கணக்குப் போடுவோம். ஒரு பள்ளியின் துப்புரவுக்கு ஆண்டுக்கு 30,000 பவுண்டு என்றால் 3 ஆண்டுக்கு 90,000. பத்துப் பள்ளிக்குச் சேர்த்தால் 9 லட்சம். பொருள், சேவைகளுக்கான சட்ட வரம்பு 2 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேலேதான். அதைத் தாண்டினால் 2025 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்த கொள்முதல் சட்டத்தின்படி முறையான அறிவிப்பு, போட்டி, மதிப்பீடு எல்லாம் வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதற்கு முன் போட்ட ஒப்பந்தங்கள் பழைய 2015 கொள்முதல் விதிகளிலேயே தொடர்வதால், ஒரே அலுவலகத்தில் இரண்டு சட்டங்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம், துப்புரவு செய்கிறவர்கள் மனிதர்கள். நிறுவனம் மாறினால், ஊழியர் பாதுகாப்புக்கான 2006 விதிகளின்படி அந்தப் பள்ளியில் வேலை செய்பவர்கள் தங்கள் சம்பளம், பணிக்காலத்தோடு புதிய நிறுவனத்துக்குப் போவார்கள். அது நியாயமான பாதுகாப்பு. சம்பளத்தைக் குறைக்க முடியாத புதிய நிறுவனம் மலிவாக விலை சொன்னால், அனேகமாக அது வேலை நேரத்தில்தான் கை வைக்கும். விடியற்காலையில் வந்து வகுப்பறை கூட்டும் அம்மாவுக்கு ஒரு மணி நேரக் கூலி பறிபோகும். மிச்சம் என்று நாம் எழுதுவதில் அதுவும் அடங்கியிருக்கிறது. அறங்காவலர்கள் அதைத் தெரிந்துகொண்டே வாக்களிக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். இணைந்த முதல் ஆண்டில் சப்ளையரை மாற்ற அவசரப்படக் கூடாது. முடிவுத் தேதிகளை ஒன்றாகக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. முன்னதாக முடிவதை, விதி அனுமதித்தால், குறுகிய காலத்துக்கு மட்டும் நீட்டுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களுக்கு இப்போதே நோட்டீஸ் கொடுங்கள். டிரஸ்டுகளின் நிதியாண்டு ஆகஸ்ட் 31இல் முடிவதால் செப்டம்பர் 1ஐ இணைப்பு நாளாக வைக்கிறார்கள். நோட்டீஸ் கடைசித் தேதியோ பலமுறை கோடை விடுமுறைக்கு முன்பே கடந்துபோயிருக்கும்.

உங்களில் யாராவது அறங்காவலராக இருந்தால், வாக்களிக்கும் முன் ஒரு பட்டியல் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் சப்ளையர் யார், ஆண்டுத் தொகை என்ன, எப்போது முடிகிறது, எவ்வளவு முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். பள்ளி ஆபீசில் இருப்பவரிடம் கேட்டால் பாதி அவர் அலமாரியிலேயே கிடைக்கும். பட்டியல் இல்லையென்றால் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வையுங்கள்.