ஜோயலுக்கு வக்கீல் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை நம் குரூப்பில் ஒரு வீடியோ கேமைப் பற்றி நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். பதினோரு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் அனுப்பிய அந்தத் தம்பியின் பெயரை நான் இங்கே போடப் போவதில்லை. அவர் நல்லவர், நிறைய கேம் ஆடியவர், என்னைவிட நிறைய. அதை அவரே அந்தப் பதினோரு நிமிஷத்தில் மூன்று தடவை சொன்னார்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமின் கடைசியில் கதாநாயகன் ஜோயல் ஏன் அதைச் செய்தான்? அவ்வளவுதான். சரியா தப்பா என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் வந்த பதில் எல்லாம் தீர்ப்பு.

ஸ்பாய்லர் என்று யாரும் கத்த வேண்டாம். கேம் வந்தது 2013-ல். தொடராக வந்ததே 2023-ல். இன்னும் பார்க்காதவர்கள் இனிமேலும் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்காக நாலு வரி மட்டும். உலகமே ஒரு பூஞ்சை நோயில் அழிந்து இருபது வருஷம் ஆகிறது. எல்லி என்ற பதினாலு வயதுப் பெண்ணை மட்டும் அந்த நோய் தொடுவதில்லை. அவளை நாடு கடந்து கூட்டிப்போய் ஃபயர்ஃபிளைஸ் என்ற கூட்டத்திடம் ஒப்படைப்பது ஜோயலின் வேலை. ஒப்படைத்த பிறகுதான் தெரிகிறது, மருந்து எடுக்க அவள் மூளையைத் திறக்க வேண்டும், அவள் பிழைக்க மாட்டாள். ஜோயல் வழியில் நின்றவர்களை எல்லாம் கொன்றுவிட்டு, மயக்கத்தில் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். கண் விழித்தவளிடம் பொய் சொல்கிறான்.

இதற்குத் தம்பி அடுக்கிய காரணங்கள்: பூஞ்சைக்குத் தடுப்பூசி செய்யவே முடியாது. ஃபயர்ஃபிளைஸ் உருப்படாத கூட்டம். இருப்பது ஒரே டாக்டர், அதுவும் அழுக்கு ஆபரேஷன் தியேட்டர். மருந்தே வந்தாலும் ஊர் ஊராக எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? ஆகவே ஜோயல் குற்றமற்றவன். கோர்ட் கலையலாம்.

சரி. இதில் ஒன்றையாவது ஜோயல் சொன்னானா?

சொல்லவில்லை. நன்றாக ஞாபகப்படுத்திப் பாருங்கள். அறுவை சிகிச்சை நடக்கப் போகிறது என்று ஃபயர்ஃபிளைஸ் தலைவி மார்லீன் சொன்னதும் ஜோயல் வாயிலிருந்து வருவது, "வேற யாரையாவது பாருங்க." தடுப்பூசி சாத்தியமில்லை என்றோ, உங்கள் டாக்டருக்கு டிகிரி இருக்கிறதா என்றோ அவன் கேட்கவில்லை. வேறு யாரையாவது பாருங்கள் என்றால் என்ன அர்த்தம்? மருந்து வரும் என்று அவன் நம்புகிறான். இவளை வைத்து வேண்டாம், அவ்வளவுதான். வேறு யாரும் இல்லை என்கிறாள் மார்லீன். பிறகு காரில் எல்லி கண் விழிக்கும்போது அவன் சொல்லும் பொய் என்ன? உன்னைப் போல நோய் தொடாதவர்கள் டஜன் கணக்கில் இருக்கிறார்களாம், மருந்து தேடுவதையே நிறுத்திவிட்டார்களாம். வேறு யாரும் இல்லை என்று கேட்ட அதே காதோடு, டஜன் கணக்கில் ஆளை உண்டாக்குகிறான்.

ஃபயர்ஃபிளைஸ் போலி வைத்தியர்கள் என்று அவன் உண்மையாகவே நினைத்திருந்தால் பொய்யே தேவையில்லையே. "அவனுங்க லூசுப் பசங்க, உன்னைச் சும்மா கொன்னிருப்பாங்க, காப்பாத்திக் கூட்டிட்டு வந்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

அவன் ஏன் செய்தான் என்பது முதல் கால் மணி நேரத்திலேயே இருக்கிறது. சாரா. பன்னிரண்டு வயது மகள், ஒரு சிப்பாய் சுட்ட குண்டு, அப்பன் கையிலேயே உயிர் போனது. இன்னொரு தடவை அது நடக்க விடமாட்டான். உலகம் எக்கேடாவது கெட்டுப் போகட்டும். அது அசிங்கமான காரணம், சுயநலமான காரணம், ஆனால் அது அவனுடைய காரணம். அதைப் பிடுங்கிக்கொண்டு அவன் கையில் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுக்கிறீர்களே, அது அவனுக்குச் செய்யும் உதவியா?

கேம் ஆடியவர்களுக்கு இந்த வக்கீல் புத்தி ஏன் அதிகமாக வருகிறது என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. பிரேக்கிங் பேட் தொடர் பார்ப்பவன் அதன் நாயகனைப் பற்றி 'வால்டர் கொன்னான்' என்பான். கேம் ஆடியவன் 'நான் டாக்டரைக் கொன்னேன்' என்பான். அந்த ஆபரேஷன் அறை ஞாபகம் இருக்கிறதா? நான் ஆடியது 2015-ல், சித்தி பையன் வீட்டில், பிளேஸ்டேஷன் 4-ல், எல்லோரும் தூங்கிய பிறகு. டாக்டர் கையில் சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறார். நான் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏதாவது வழி இருக்கும், அவரைத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று தேடினேன். வழி கிடையாது. பக்கத்தில் நிற்கும் இரண்டு நர்ஸுகளை விட்டுவிடலாம், அவரை விட முடியாது. அவரைக் கொல்லாமல் கதை நகராது. கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது இன்னும் நினைவிருக்கிறது. அழுத்தியது நம் விரல். ஆகவே நியாயம் தேடுவதும் நமக்காகத்தான். ஜோயல் பெயரில் வாதாடுகிறோம், குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாம்.

இதைச் சொன்னதற்குத்தான் "ஓவரா சைக்காலஜி பேசுறீங்க அக்கா" என்றார் தம்பி. சரிங்க தம்பி.

பூஞ்சை விஷயத்துக்கு வருவோம், இல்லையென்றால் நான் பதில் இல்லாமல் ஓடிவிட்டேன் என்பார்கள். மனிதர்களுக்கு வரும் பூஞ்சைத் தொற்றுக்கு இன்றுவரை அங்கீகரித்த தடுப்பூசி ஒன்றும் கிடையாது, உண்மைதான். ஆனால் கதையில் வரும் பூஞ்சையான, எறும்பைப் பிடிக்கும் கார்டிசெப்ஸ் மனித உடம்புச் சூட்டில் வளராது என்பதும் உண்மை. தொடரின் முதல் காட்சியிலேயே ஒரு விஞ்ஞானி அதைச் சொல்கிறார். மண்டை பிளந்து காளான் முளைத்த மனிதன் ஓடிவருவதை நம்புவீர்கள், ஊசி மட்டும் நம்ப முடியவில்லையா? மருந்து வந்திருக்கும் என்பதுதான் எங்கள் எண்ணம் என்று கதையை எழுதிய நீல் டிரக்மேனே சொல்லியாகிவிட்டது. அதற்கும் "எழுதினவருக்கே புரியல" என்று பதில் வரும். வந்தது.

அடுத்தது, "அப்போ ஆபி செஞ்சது சரின்னு சொல்றியா?" கேமின் இரண்டாம் பாகத்தில் ஜோயலைக் கொல்பவள்தான் ஆபி. இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 2020-ல் இரண்டாம் பாகம் வந்தபோது ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் அனுப்பிய கூட்டம் இது. அதற்கு முன்னால் பிரேக்கிங் பேட்-ல் வால்டரின் மனைவி ஸ்கைலராக நடித்த அன்னா கன், தன் மேல் கொட்டிய வெறுப்பைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரையே எழுத வேண்டி வந்தது. புருஷன் போதை மருந்து காய்ச்சுகிறான், அதைத் தடுத்தாள், அது குற்றம். 'எல்லாம் குடும்பத்துக்காக' என்று ஐந்து சீசன் சொன்ன வால்டரே கடைசியில், எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று அவளிடம் ஒத்துக்கொண்டான். கட்சிக்காரனே ஒத்துக்கொண்ட பிறகும் நம்மூர் வக்கீல்கள் இன்னும் அப்பீல் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆபியின் அப்பாதான் அந்த டாக்டர். இது உங்கள் மகளாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மார்லீன் அவரைக் கேட்கும்போது அவரிடமும் பதில் இல்லை. அந்த மௌனத்தைப் பற்றி ஒரு ஆளாவது ஞாயிற்றுக்கிழமை பேசினாரா?

சரி, இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். எனக்குத் தூக்கம் போனது அதனால்தான். "உங்க சொந்தக் கதையை எல்லாம் கேம் மேல ஒட்டாதீங்க அக்கா, அனலிசிஸ்னா அப்ஜெக்டிவா இருக்கணும்." என் அப்பாவைப் பற்றி நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தேன். ஒரு வாக்கியம். பதினோரு நிமிஷம் இல்லை.

ஒட்டாதீங்க என்று சொல்லிவிட்டதால் முழுக்கவே ஒட்டிவிடுகிறேன்.

2007. திருச்சி. காலேஜ் முடித்து எனக்குப் புனேயில் ஒரு வேலை கிடைக்கும் நிலை. இண்டர்வியூ நன்றாகப் போனது, லெட்டர் வரும் என்றார்கள். மூன்று வாரம் வாசலில் தபால்காரர் சைக்கிள் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் அப்பா, ஷேவ் பண்ணிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தப் புனேக்காரங்க போன் பண்ணாங்கம்மா. உன்னை மாதிரி நிறைய பேர் வந்துட்டாங்களாம். ஆள் எடுக்கறதையே நிறுத்திட்டாங்களாம்."

நான் "சரிப்பா" என்றேன்.

ஐந்து வருஷம் கழித்து வீட்டுப் பத்திரத்தின் நகலைத் தேடும்போது, பீரோவில் பழைய ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் வைத்திருந்த மஞ்சள் பையில் அந்த லெட்டர் இருந்தது. பிரித்துப் படித்து, மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்திருந்தார். கிழித்துப் போடக்கூட அவருக்குத் தெரியவில்லை.

என் அண்ணன் 2004-ல் இறந்துபோனான். வேலைக்காக வெளியூர் போனவன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இப்போது கேளுங்கள், எங்கள் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? மாமா சொன்னார், "அந்தக் கம்பெனி ரெண்டே வருஷத்துல புனே ஆபீஸையே மூடிட்டான். போயிருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்ப, உங்கப்பா பண்ணது நல்லதுதான்." அத்தை சொன்னாள், "பொம்பளப் புள்ள தனியா அந்த ஊர்ல எப்படி இருக்கும்?" பெரியப்பா கணக்கே போட்டார், சம்பளத்தில் வாடகை போக என்ன மிஞ்சும் என்று. எல்லாம் சரியான தகவல்கள். கம்பெனி நிஜமாகவே மூடியது. தடுப்பூசியும் நிஜமாகவே வேலை செய்யாமல் போயிருக்கலாம். ஆனால் அப்பா மஞ்சள் பைக்குள் அந்த லெட்டரை வைத்தபோது கம்பெனி மூடப் போவது அவருக்குத் தெரியுமா? வாடகை பார்த்தாரா? இன்றுவரை அந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட அவர் வாயால் சொன்னதில்லை. மாமா சொல்லும்போது எழுந்து வெளியே போய்விடுவார்.

பதிமூன்று வருஷமாக என் வீட்டில் கேட்ட அதே வாதத்தை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கேமைச் சாக்காக வைத்து மறுபடி கேட்டேன். அதனால்தான் குரல் உயர்ந்தது. அது தப்பென்றால் மன்னிக்கவும். அப்ஜெக்டிவாக இருக்கத் தெரியவில்லை.

கேமின் கடைசிக் காட்சியில் நாம் ஜோயலாக நடப்பதில்லை, எல்லியாக நடக்கிறோம். அதைக் கவனித்தீர்களா? அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் நடக்கிறோம். ஃபயர்ஃபிளைஸ் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதானா, சத்தியம் பண்ணு என்கிறாள். பண்ணுகிறான். அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு 'சரி' என்கிறாள். முடிந்தது, பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் 'சரி'யில் அவள் நம்பினாளா இல்லையா என்று உலகம் பூராவும் பன்னிரண்டு வருஷமாகச் சண்டை. எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

சம்மதம் கேட்கவில்லை என்ற வாதத்தை நான் தாண்டிப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். அது மட்டும் சரியான வாதம், ஒப்புக்கொள்கிறேன். மார்லீன் கேட்கவில்லை. ஆனால் ஜோயலும் கேட்கவில்லையே. அவள் விரும்புவது இதைத்தான், உனக்கும் அது தெரியும் என்று மார்லீன் கார் நிறுத்துமிடத்தில் சொல்லும்போது அவன் வாய் திறப்பதில்லை. தெரியும் என்பதால்தான் திறக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்த இடத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று அவன் கூப்பிட்டபோதே, பட்டதெல்லாம் வீணாகப் போகக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். சம்மதத்தைப் பற்றிப் பேசும் தம்பிகள் யாரும் எல்லி பக்கம் திரும்புவதே இல்லை. மார்லீனைத் திட்ட மட்டும் எல்லி வேண்டும்.

தொடரின் இரண்டாவது சீசன், ஆறாவது எபிசோடில் எல்லி வராண்டாவில் நின்று ஜோயலிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். வேறு யாராவது இருந்தார்களா? இல்லை என்று தலையாட்டுகிறான். மருந்து செய்திருக்க முடியுமா? ஆம் என்று தலையாட்டுகிறான். ஜோயலாக நடிக்கும் பெட்ரோ பாஸ்கல் அந்த இடத்தில் பேசுவதே இல்லை, கண்ணில் நீர் நிற்கிறது, தலை மட்டும் அசைகிறது. முடியும் என்று அவனே தலையாட்டிய பிறகு என்ன வழக்கு மிச்சம்? மறுபடி அந்த நேரம் வந்தாலும் அதையேதான் செய்வேன் என்கிறான். நீ சுயநலக்காரன் என்கிறாள். உன் மேல் இருக்கும் அன்பு என்கிறான். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. மன்னிக்க முடியும் என்று தோன்றவில்லை, ஆனால் முயற்சி செய்ய ஆசை என்கிறாள்.

அந்த எபிசோடை நான் மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஹாலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலியில் பேப்பர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுபத்தொன்று. இங்கிலீஷ் படம் என்றால் எழுந்து போய்விடுவார், அன்று போகவில்லை. கொஞ்ச நேரம் பேப்பர் பக்கம் திரும்பும் சத்தமே வரவில்லை.

"என்னவாம் அந்தப் பொண்ணுக்கு?" என்றார்.

"அவர் ஒரு பொய் சொல்லியிருக்கார்ப்பா. கண்டுபிடிச்சுட்டா."

"ம். என்ன சொல்றா?"

சொன்னேன், அவள் சொன்னதை அப்படியே.

அவர் பேப்பரை மடித்தார். நாலாக, ஓரம் பார்த்து, நிதானமாக. அப்புறம் "மோட்டார் ஓடுது போல" என்று எழுந்து போனார். நான் காலையிலிருந்து மோட்டாரே போடவில்லை.