பாலிமர் ஆய்வுக்கு விருது என்றால் ஏன் இவ்வளவு எரிச்சல்?

பாலிமர் (சின்ன மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவாகும் பொருள், பிளாஸ்டிக்கும் அதில் ஒரு வகை) ஆய்வுக்காக விருது கொடுத்த அறிவிப்புக்குக் கீழே வந்து விழும் கமெண்டுகளை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். "கடலை நாசமாக்கினவங்களுக்கு விருதா?", "குப்பை போட்டதுக்குக் கைதட்டணுமா?" எழுதியவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள், அதுதான் வலிக்கிறது. விருது கேரி பேக்குக்குக் கொடுக்கவில்லை ஐயா, மூலக்கூறைப் புரிந்துகொண்டதற்குக் கொடுத்தார்கள்.

ரப்பரும், பருத்தியில் இருக்கும் நார்ப்பொருளான செல்லுலோஸும் சின்ன மூலக்கூறுகள் சும்மா ஒட்டிக்கிடக்கும் கூட்டம் என்றுதான் ஒரு காலத்தில் பெரிய வேதியியலாளர்களே நம்பினார்கள். இல்லை, வேதிப்பிணைப்பால் கோத்த நீண்ட சங்கிலி என்று 1920-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதியபோது ஏற்க ஆளில்லை. நோபல் வந்தது 1953-இல், அவருடைய 72-ஆவது வயதில். அவர் சொன்னது நீங்கள் உடுத்தும் பருத்திக்கும் பொருந்தும், உங்கள் உடம்பில் இருக்கும் புரதத்துக்கும் பொருந்தும். அதையும் தடை செய்யச் சொல்வீர்களா?

1965-இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டெபனி குவோலெக் தயாரித்த பாலிமர் கரைசல் பாகு மாதிரி இல்லாமல் நீர்த்துக் கலங்கலாக இருந்தது. நூல் இழுக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டவர், துளை அடைத்துவிடும் என்று முதலில் மறுத்தே விட்டார். குவோலெக் விடாமல் வற்புறுத்தி இழுக்க வைத்ததில் கிடைத்ததுதான் கெவ்லார். குண்டு துளைக்காத உடையில் இருப்பது.

நானும் பாலிமர் ஆய்வகத்தில் இருந்தவன். குடுவைக்குள் சுற்றும் காந்தத் துண்டு, கலவை இறுக இறுகத் தடுமாறி ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். சில வினைகளில் துளி ஈரம் உள்ளே போனாலே சங்கிலி வளராமல் பாதியில் முடிந்துபோகும், அப்புறம் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து மறுபடி முதலிலிருந்து. அப்படி வருஷக்கணக்கில் நின்றுவிட்டு வந்தவனைப் பார்த்து, "ஓ, பிளாஸ்டிக் கம்பெனியா?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

குப்பையை மறைக்கிறேன் என்பீர்கள். மறைக்கவில்லை. கேரி பேக் செய்யும் பாலிஎத்திலீனின் முதுகெலும்பான நீண்ட சங்கிலி முழுக்கக் கார்பன்-கார்பன் பிணைப்பு, நுண்ணுயிர்களால் அதைச் சுலபமாக உடைக்க முடியாது, அதனால்தான் மண்ணில் அப்படியே கிடக்கிறது. பாலிலாக்டிக் அமிலம் போன்ற வேறு வகைப் பாலிமர்களில் எஸ்டர் பிணைப்பு இருப்பதால் தண்ணீரே மெல்ல மெல்ல வெட்டிவிடும். அறுவை சிகிச்சையில் போட்டுத் தானாகக் கரையும் தையல் நூல்கள் பல இந்த வகைதான். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னதும் நீங்கள் திட்டும் அதே ஆட்கள்தானே?

விழா நடத்தியவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். "சிறந்த பங்களிப்புக்காக" என்று ஒற்றை வரி. என்ன பங்களிப்பு? எந்தப் பாலிமர்? அதைச் சொல்லாமல் விட்டால் ஜனங்களுக்குப் பை தவிர வேறென்ன நினைவுக்கு வரும்? ராத்திரியெல்லாம் அந்தக் குடுவைக்குப் பக்கத்தில் நின்ற மாணவர்களின் பெயர் எங்கே? மேடையில் நின்ற விருந்தினர்கள் பெயர் மட்டும் பட்டத்தோடு முழுசாக இருக்கிறதே!