லாட்ஜ் பையன் போன்ல எங்க பெரியப்பா ஆதார்

போன வாரம் ஊர்ல இருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் பெங்களூர் வந்தாங்க, கண் ஆஸ்பத்திரிக்கு. எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பெரியம்மாவுக்கு முட்டி வலி, அதனால மெஜஸ்டிக் பக்கத்துல காந்திநகர்ல ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டேன். பேரு வேணாம்.

ரிசப்ஷன் பையன் ஆதார் கேட்டான். பெரியப்பா லேமினேட் பண்ணி சட்டைப் பையிலயே வச்சிருப்பாரு, டக்குனு நீட்டிட்டாரு. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேராம். பையன் தன்னோட சொந்த போன எடுத்து முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணு படம் புடிச்சிட்டு, சரியா விழுந்துச்சான்னு கேலரில தள்ளித் தள்ளிப் பாக்கறான், நானும் எட்டிப் பாத்தேன். அவனோட பைக், ஏதோ கோயில் தேர், நடுவுல வரிசையா யார் யாரோ ஆதார். ஒரு காலேஜ் பொண்ணு, ஒரு தாத்தா, ஒரு குடும்பமே மொத்தமா. முகம், பேரு, பொறந்த தேதி, வீட்டு அட்ரஸ், 12 நம்பர், எல்லாம் பளிச்சுன்னு.

"தம்பி, அவரோட மாஸ்க்டு ஆதார் என் போன்ல டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன், கடைசி 4 நம்பர் மட்டும் தெரியும், அதுவும் செல்லும்பா, அத வாங்கிக்கோ"ன்னேன். "அதெல்லாம் ஓனர் ஒத்துக்க மாட்டாரு சார், போலீஸ் செக்கிங் வரும்." பெரியப்பா என் கையப் புடிச்சு இழுக்கறாரு, "ஏண்டா, நாம என்ன திருட்டுப் பயலுகளா, குடுத்துட்டு வாடா, உங்க பெரியம்மா எவ்ளோ நேரம் நிப்பா?"

எனக்கு கோவமே இதுலதான். ஐடி காட்டச் சொல்றதுல தப்பே இல்ல, பாக்கட்டும், ரிஜிஸ்டர்ல எழுதிக்கட்டும். ஆனா காப்பி எடுத்து வச்சுக்காதன்னா நாம ஏதோ மறைக்கற மாதிரி ஆயிடுது, பின்னாடி நிக்கறவன் முறைக்கறான், நம்ம வீட்டாளுங்களே நம்மள அடக்கறாங்க.

இத்தனைக்கும் 2022 மே 27ல ஆதார் ஆணையத்தோட இதே பெங்களூர் ஆபீஸ்தான், ஆணையத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்காத ஓட்டல், சினிமா தியேட்டர்லாம் ஆதார் காப்பி வாங்கவோ வச்சுக்கவோ கூடாது, மாஸ்க்டு ஆதார் குடுங்கன்னு அறிவிப்பு விட்டுச்சு. ரெண்டே நாள்ல, 29ஆம் தேதி, மக்கள் தப்பா புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லி மத்திய அரசு அத வாபஸ் வாங்கிடுச்சு, வழக்கமான ஜாக்கிரதையோட இருந்தா போதுமாம். ஜாக்கிரதையா இருக்கப் போனா கவுன்டர்ல ரூம் இல்லங்கறான், அதுக்கு யாரு பதில் சொல்றது?

பெரிய ஓட்டல்னா சேஃப்னு நினைக்காதீங்க. மேரியட் வாங்கின ஸ்டார்வுட் ஓட்டல்களோட புக்கிங் டேட்டாபேஸ்ல 2014ல இருந்தே ஆளு பூந்திருந்தது வெளிய வந்தது 2018 நவம்பர்ல. அதுல 52 லட்சத்துக்கு மேல பாஸ்போர்ட் நம்பர் பூட்டே போடாம கிடந்துச்சு. அங்க சர்வர், இங்க பையனோட கேலரி, அவ்ளோதான் வித்தியாசம்.

ஒரு காமெடி, மாஸ்க்டு ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு என்ன தெரியுமா, பேர்ல மொத 4 எழுத்தும் பொறந்த வருஷமும். ரெண்டுமே அந்த ஆதார்லயே அச்சடிச்சிருக்கு, நல்லா பூட்டுனாங்க போங்க.

அன்னிக்கு நைட்டு ரூம்ல உக்காந்து பெரியப்பாவோட கைரேகையை ஆதார் ஆப்ல லாக் பண்ணேன், அவரு பென்ஷன் அக்கவுண்ட்ல ஆதார் இணைச்சிருக்கு, ஆதார் நம்பரும் கைரேகையும் வச்சே பணம் எடுக்கலாம்ல, அந்த பயம். மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட்ல அவர் பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு பாத்தேன். ரெண்டு, ரெண்டுமே அவரோடதுதான். தெரியாத நம்பர் இருந்தா இது என்னோடது இல்லன்னு அங்கயே சொல்லிடலாம். காசு போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன். அப்புறம் நடுராத்திரி ரூம் போன்ல "ரிசப்ஷன்ல இருந்து பேசறோம், கார்டு நம்பர் மறுபடி சொல்லுங்க"ன்னா சொல்லாதீங்க, நேரா கீழ இறங்கிப் போயிடுங்க. ஜெராக்ஸ் குடுத்தே ஆகணும்னா எந்த லாட்ஜுக்கு, என்ன தேதின்னு குறுக்க பேனாவால எழுதிட்டு குடுங்க, நம்பர் மேலயே போகட்டும் கோடு.

ரூம் காலி பண்றப்ப அந்தப் பையன தனியாக் கூப்ட்டு படத்த அழிக்கச் சொன்னேன். நல்ல பையன், மூஞ்சி சுளிக்காம அழிச்சான், டிராஷ்லயும் போய் அழிச்சுக் காட்டினான். அப்புறம் தலையச் சொறிஞ்சிக்கிட்டே, "சார், வாட்ஸாப் குரூப்ல அன்னிக்கே போட்டுட்டேன், அத இனிமே எடுக்க முடியாது"ன்னான். குரூப்ல எத்தனை பேருன்னு கேட்டேன். 11 பேராம், அதுல ரெண்டு பேரு வேலைய விட்டே போயிட்டாங்களாம்.