கப்பலில் வந்த தெள்ளுப்பூச்சி

சுற்றுலாப் பயணிகளை எச்சரித்து நீங்கள் எழுதிய கட்டுரை, ஒட்டுண்ணித் தோல் நோய்கள் விமானப் பயணத்தால் நாடு தாண்டுகின்றன என்று சொல்வது சரி. ஆனால் கப்பல் காலத்திலேயே இது நடந்திருக்கிறது. காலில் துளைக்கும் மணல் தெள்ளு தென் அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 1872இல் பிரேசிலிலிருந்து வந்த ஒரு கப்பலோடு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அங்கோலாவில் இறங்கியது. அப்புறம் வணிகர்களும் சுமைகூலிகளும் படைவீரர்களும் நடந்த பாதையெல்லாம் அதுவும் போனது. 30 ஆண்டுக்குள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையைத் தொட்டுவிட்டது. பெண் பூச்சி கால்விரல் தோலுக்குள் புகுந்து, முட்டைகளோடு பட்டாணி அளவுக்கு வீங்கும். சீழ் பிடித்தால் நடப்பதே கொடுமை. கென்யா, உகாண்டா கிராமங்களில் மண்தரை வீட்டுக் குழந்தைகள் இன்றும் இதனால் துடிக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது செருப்பும் சிமெண்ட் தரையும். சுற்றுலாப் பயணிகளுக்கு அத்தனை எச்சரிக்கை எழுதிய நீங்கள், இந்தக் குழந்தைகளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.