இரவில் சும்மாதானே கிடக்கின்றன என்பவர்களுக்கு

ஆய்வுக்கூடத்துக் கணினிகள் இரவெல்லாம் சும்மா கிடக்கின்றனவே, அவற்றை வலையில் கோத்துவிட்டால் நமக்கே ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கிடைத்துவிடுமே என்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஒவ்வொரு நிதிக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் திருவாய் மலர்கிறார். சொன்னவர் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். மறுநாள் காலையில் வந்து, மாலையில் ஓடவிட்ட வேலை நள்ளிரவிலேயே செத்துக் கிடப்பதைப் பார்த்து வயிறெரிவது மட்டும் என் பங்காக இருக்கிறது.

நாங்கள் செய்வது வெள்ள ஓட்டக் கணிப்பு. 2022 ஏப்ரலில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, 400க்கும் அதிகமானோர் உயிரிழந்த பிறகு, உம்கேனி ஆற்றங்கரையில் எந்தத் தெரு எப்போது மூழ்கும் என்ற கேள்வி இங்கே யாருக்கும் ஏட்டுக் கேள்வியாக இல்லை. ஆற்றுப் படுகையைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, அந்தக் கட்டங்களை 24 கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறோம். ஒவ்வொரு கணினியும் தன் பங்கைக் கணக்கிட்டு முடித்ததும் எல்லையோரக் கட்டங்களின் நீர்மட்டத்தைப் பக்கத்துக் கணினிக்கு அனுப்ப வேண்டும், அதனிடமிருந்து வாங்கவும் வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த காலப்படிக்கு, அதாவது கணக்கின் அடுத்த சிறு நேரத் துண்டுக்கு, நகர முடியும். இப்படி லட்சக்கணக்கான படிகள் இருக்கின்றன. பந்தியில் கடைசி ஆள் உண்டு முடிக்கும்வரை யாரும் இலையை மூடி எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் இங்கே சட்டம். ஒருவர் பாதியில் மயங்கி விழுந்தால் பந்தி முழுவதும் கலைய வேண்டியதுதான்.

இதைக் கூட்டத்தில் எத்தனை விதமாகச் சொன்னாலும், 24 பெருக்கல் ஒன்று சமம் 24 என்ற கணக்குக்கு மேல் அவர்கள் நகர மறுக்கிறார்கள். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் 1967இலேயே சொல்லிவிட்டுப் போன எளிய விதி இது: ஒரு நிரலில் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி ஐந்து விழுக்காடு இருந்தால், எத்தனை ஆயிரம் கணினிகளைக் கொண்டுவந்து குவித்தாலும் வேகம் இருபது மடங்கைத் தாண்டாது, 24 கணினிகளுக்குப் பதினொரு மடங்குதான் தேறும். அதுவும் கணினிகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தைக்கு நேரமே ஆகாது என்று வைத்துக்கொண்டால்தான். சாதாரண கிகாபிட் ஈதர்நெட் கம்பி வலையில் ஒரு சின்னஞ்சிறு செய்தி போய்ச் சேரச் சுமார் 50 மைக்ரோநொடி பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் மூன்று கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்றரை லட்சம் துடிப்புகளை வீணாகக் கழித்திருக்கும். இதற்கென்றே உருவான இன்ஃபினிபேண்ட் வலையமைப்பில் அதே செய்தி ஒன்றிரண்டு மைக்ரோநொடியில் போய்விடும் என்று சொன்னால், "நம்மிடம்தான் வலையமைப்பு ஏற்கெனவே இருக்கிறதே" என்று பதில் வருகிறது.

இருக்கிற வலையமைப்பின் அழகையும் சொல்லிவிடுகிறேன். சுவரோரம் கணினிக் கம்பிகளை ஒன்றுசேர்க்கும் இரண்டு ஸ்விட்சுகள், ஒவ்வொன்றிலும் 12 கணினிகள். இரண்டு ஸ்விட்சுகளையும் இணைப்பது ஒரே ஒரு கிகாபிட் கம்பி. இந்தப் பக்கத்துப் பன்னிரண்டும் அந்தப் பக்கத்துப் பன்னிரண்டோடு பேச வேண்டுமானால் அத்தனை பேச்சும் அந்த ஒற்றைக் கம்பிக்குள் முண்டியடித்துக்கொண்டுதான் போக வேண்டும். போதாததற்கு, மேசைக்குப் பின்னால் நாற்காலிக் கால் நசுக்கிய கேபிள்கள் வேறு. கேபிளின் முனையிலுள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கும். உள்ளே இருக்கும் நான்கு இணைக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கும். கிகாபிட் ஓட நான்கு இணைகளும் வேண்டும். அறுந்துபோனது 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத இணையாக இருந்துவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை, சத்தமில்லாமல் அந்தப் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. விளக்கு எரிகிறது, சோதனைக்கு அனுப்பும் பிங் செய்தி போகிறது, எல்லாம் நலம்போல் தெரிகிறது. அந்த ஒரு கணினிக்காக மற்ற 23 கணினிகளும் ஒவ்வொரு படியிலும் கை கட்டிக் காத்திருக்கின்றன என்பது, ஒவ்வொரு கணினியாக உள்ளே புகுந்து இணைப்பு வேகத்தைப் பார்த்தால்தான் தெரியவரும். கூண்டோடு செத்துத் தொலைந்தாலாவது உடனே தெரியும். பாதி உயிரோடு இழுத்துக்கொண்டிருப்பதுதான் மனிதனைக் கொல்கிறது.

இனி நள்ளிரவுக் கொலைகளுக்கு வருகிறேன். முன்பெல்லாம் கேட்டால் மின்வெட்டு என்று கைகாட்டிவிடுவார்கள். 2022, 2023 ஆண்டுகளில் இந்த நாடு ஆறாம் நிலை மின்வெட்டு வரைக்கும் பார்த்தது உண்மைதான். ஒரு நிலைக்கு ஆயிரம் மெகாவாட் என்ற கணக்கில் மின்சாரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த நாட்களில் நானும் எவரையும் குறை சொல்லவில்லை. அட்டவணையைப் பார்த்து வேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஓட்டினோம். ஆனால் 2024 மார்ச் இறுதியிலிருந்து பல மாதங்கள் அந்த அட்டவணைக்கே வேலையில்லாமல் போனபோதும் கணினிகள் அதேபோல் செத்துக்கொண்டுதான் இருந்தன. காரணம் என்னவென்றால், அதே நிறுவனத்தின் கட்டிடப் பராமரிப்புப் பிரிவு, மின்செலவைக் குறைப்பதற்காக இரவு பத்து மணிக்கு மேல் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் விளக்கையும் கணினியையும் அணைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இரவில் கணினிகள் சும்மா கிடப்பதால் சூப்பர் கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம் என்று ஒரு குழு தீர்மானம் போடுகிறது. அதே கணினிகள் இரவில் ஓடக் கூடாது என்று இன்னொரு பிரிவு ஆணை போடுகிறது. இரண்டு தாள்களும் ஒரே அலுவலகத்து முத்திரையோடு எனக்கு வந்து சேர்கின்றன. இதற்கு மேல் என்ன சொல்லி அழுவது?

காவலுக்கு வரும் ஜூலு பெரியவரை நான் எப்போதும் பாபா என்றுதான் அழைப்பேன். வரிசையாக வந்து ஒவ்வொரு பொத்தானையும் ஐந்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுப் போவது அவர்தான் என்றாலும், அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் எழுதியிருப்பதை அவர் செய்கிறார். அணைக்காதீர்கள் என்று ஒவ்வொரு திரையிலும் நான் ஒட்டிய காகிதங்களை, சுவரிலும் திரையிலும் எதையும் ஒட்டக் கூடாது என்ற வேறொரு விதியின்படி யாரோ கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

அணைத்ததோடு போனாலும் பரவாயில்லை. மாணவர்கள் கண்டதையும் நிறுவிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு முறை கணினி புதிதாக எழும்போதும் வட்டைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் போட்டுவைத்திருக்கிறார்கள். ஆகவே எழுந்து வரும் கணினியில் கணினிகள் ஒன்றோடொன்று பேச உதவும் எங்கள் எம்பிஐ நிரல் நூலகம் இருக்காது, கடவுச்சொல் இல்லாமல் உள்ளே நுழைவதற்கான சாவிகள் இருக்காது, உள்வட்டில் எழுதிவைத்த இடைநிலை முடிவுகளும் இருக்காது. ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராக இருக்கும் அண்ணன், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரன், நமக்காக மனமிரங்கி ஒவ்வொன்றாக மறுபடியும் நிறுவித் தருகிறார். "தம்பி, பதினேழாவது மறுபடியும் போய்விட்டது" என்று அவர் தொலைபேசியில் சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் சலிப்பைக் கேட்டால், உதவி கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இந்த வேலைக்கு அவருக்கு ஒரு ரேண்ட்கூட கூடுதலாகக் கிடைப்பதில்லை.

இடையிடையே சேமித்துவைத்தால் என்ன என்று அறிவாளிகள் சிலர் கேட்கிறார்கள். சேமிக்கத்தான் செய்கிறோம். உள்வட்டை நம்ப முடியாது என்பதால் 24 கணினிகளும் ஒரே கோப்புச் சேவையகத்துக்குத்தான் எழுத வேண்டும். ஒரு முறைக்கு 60 கிகாபைட் என்றால், ஒற்றைக் கிகாபிட் கம்பியில் நொடிக்கு 110 மெகாபைட் போனாலே பெரிது, ஒன்பது நிமிடம் எல்லாக் கணினிகளும் கணக்கை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டே நிற்க வேண்டும். மணிக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் ஓடும் நேரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, சாகப் போகிறோம் என்ற பயத்துக்கே செலவாகிறது.

கூட்டத்தில் உதாரணம் காட்டப்படும் வரலாறும் தப்பாகவே காட்டப்படுகிறது. என்னை அதிகம் கொதிக்கவைப்பது இதுதான். பெர்க்லியில் தொண்ணூறுகளில் செய்தார்களே, நாசாவில் செய்தார்களே என்கிறார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நவ் (வொர்க்ஸ்டேஷன்களின் வலை) திட்டம் 1997இல் நூறு அல்ட்ராஸ்பார்க் வொர்க்ஸ்டேஷன்களைச் சேர்த்து உலகின் வேகமான கணினிகளின் பட்டியலில் ஏறியது உண்மை. ஆனால் அவற்றை இணைத்தது, குறுகிய தாமதத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட மிரிநெட் என்ற வலையமைப்பு. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 செயலிகளைக் கொண்டு கட்டிய பெவுல்ஃப் என்ற கணினித் தொகுப்பு மலிவான சாமான்களால் ஆனதுதான், சாதாரண ஈதர்நெட்டில்தான் ஓடியது. ஆனால் அந்தக் கணினிகளுக்கு அதைத் தவிர வேறு வேலை கிடையாது. பகலில் எந்த மாணவனும் அதில் உட்கார்ந்து கட்டுரை தட்டச்சு செய்யவில்லை, இரவில் யாரும் வந்து அணைக்கவுமில்லை. சும்மா கிடக்கும் கணினிகளைப் பயன்படுத்திய வழி வேறொன்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னியின் குழு எண்பதுகளின் இறுதியில் உருவாக்கிய காண்டார் என்ற மென்பொருள்தான் அது. உரியவர் விசைப்பலகையைத் தொட்டதும் தன் வேலையை மூட்டை கட்டிக்கொண்டு வேறு கணினிக்குப் போய்விடும். அது ஒன்றையொன்று சாராத வேலைகளைத் தனித்தனியாக ஓட்டுவதற்கு வாகான ஏற்பாடு. ஒரு கணினி போனால் ஒரு வேலைதான் போகும், அதையும் வேறோர் இடத்தில் மறுபடி தொடங்கிக்கொள்ளும். பெர்க்லியின் வேகத்தையும் விஸ்கான்சினின் இலவசத்தையும் ஒரே தட்டில் கேட்கிறவர்களுக்கு இரண்டும் எப்படிக் கிடைக்கும்?

எளிய கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதியும் காட்டினேன். ஒரு கணினி விடியும்வரை தாக்குப்பிடிக்க நூற்றுக்கு 98 வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 24 கணினிகளும் சேர்ந்து தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 62தான். "அப்படியானால் பக்கத்து ஆய்வுக்கூடத்தையும் சேர்த்து அறுபதாக ஆக்கிவிடுங்கள், பலம் கூடுமே" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். அறுபதாக ஆக்கினால் வாய்ப்பு நூற்றுக்கு முப்பதாகச் சரிந்துவிடும் ஐயா என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு வானத்தை வில்லாக வளைத்துத் தர வேண்டியதில்லை. புதுக் கணினிகளில் எட்டே எட்டைப் பூட்டிய ஓர் அறைக்கு மாற்றி, அவற்றுக்கென ஒரு நல்ல ஸ்விட்ச், ஒரு யுபிஎஸ், வட்டைத் துடைக்காத ஓர் இயங்குதளம், அண்ணனின் வேலை நேரத்தில் வாரம் ஒரு நாள், இவ்வளவுதான் கேட்கிறேன். எட்டு நம்பகமான கணினிகள், நம்ப முடியாத 24 கணினிகளைவிட முன்னதாகவே விடையைத் தந்துவிடும். அதற்குப் பணமில்லை என்று எழுதி அனுப்பியவர்கள், அதே மாதத்தில் வரவேற்பறைச் சுவருக்குப் பெரிய திரை ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அது மட்டும் இரவு முழுவதும் யாரும் அணைக்காமல் எரிந்துகொண்டிருக்கிறது.

ஆகையால் அடுத்த வாரத்திலிருந்து அந்த ஆய்வுக்கூடத்தில் தனித்தனி மழையளவுகளுக்கான சிறு கணக்குகளை மட்டுமே, ஒரு கணினிக்கு ஒன்றாக, ஓட்டப் போகிறேன். பெரிய கணிப்பைக் கேப் டவுனில் 2016இல் தொடங்கப்பட்ட லெங்காவ் என்ற தேசிய சூப்பர் கம்ப்யூட்டருக்கு விண்ணப்பித்து, அங்கே வரிசையில் காத்திருந்து ஓட்டிக்கொள்வேன். காலாண்டு அறிக்கையில் நமது சொந்த சூப்பர் கம்ப்யூட்டர் என்று ஒரு வரி வருகிறதே, அதை எழுதுகிறவர்கள் ஒருநாள் இரவு பத்து மணிக்கு வந்து பாபாவோடு சேர்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.