லவ்டேலில் மாட்டிக்கொண்ட அம்மா

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூரில் கரண்டை நம்ப முடியாது. கூடலூர் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டித் தீர்க்கும் மழை எங்களுக்கும் கோத்தகிரிக்கும் இப்போதுதான் வந்து சேரும். எங்கோ ஒரு மரம் லைன் மேல் சாயும், பள்ளிக்கு லீவு விடுவார்கள், சாயங்காலத்துக்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். போன வருடம் அப்படி மூன்று நாள் அடைந்து கிடந்தபோதுதான் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து விளையாட ஆரம்பித்தோம்.

பல்லாங்குழிக் கட்டை எங்களிடம் இல்லை. முட்டை அட்டையை வெட்டி ஒட்டிப் பதினான்கு குழி செய்தோம். புளியங்கொட்டைக்கு இந்தக் குளிரில் எங்கே போவது? காய்ந்த பீன்ஸ் விதைதான், குழிக்கு ஐந்து. மொத்தம் 70 வேண்டும் என்று மூன்றாவது படிக்கும் சின்னவன் தானாகவே எண்ணி எடுத்து வந்தான்.

அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். எடை போடும் இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதையெல்லாம் மனதுக்குள்ளேயே சரிபார்த்தவர். ஒரு குழியில் கை வைக்கும் முன்பே கடைசி விதை எங்கே விழும் என்று கண்ணாலேயே ஓட்டிப் பார்த்துவிடுவார். நான்கு சேர்ந்து 'பசு' ஆனதை நாங்கள் கவனிப்பதற்குள் அது அவர் மடியில் இருக்கும். மூன்று நாளும் எங்களால் அவரை ஜெயிக்க முடியவில்லை.

கெடுத்தது என் வீட்டுக்காரர். நடு ஆட்டத்தில், "சரி, ஏழெட்டு எவ்வளவு சொல்லு?" என்றார். பையன் முகம் சுருங்கிப்போய் கம்பளிக்குள் புகுந்துகொண்டான். "அவன அவன் போக்குல விடுப்பா" என்று அத்தைதான் அதட்டினார். எனக்கும் இதில்தான் கோபம். 'அறிவை வளர்க்கும்' என்று அச்சடித்த பெட்டியை நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், அது அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கிறது. பிள்ளைகளை விளையாடவிட்டு நாம் மேற்பார்வை பார்த்தால் அது இன்னொரு டியூஷன். நாமும் தரையில் உட்கார்ந்து நிஜமாகவே தோற்க வேண்டும். (வேண்டுமென்றே தோற்பதைச் சின்னவன் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவான்.)

ஆனால் நான் சொல்ல வந்தது மறுநாள் ஆடிய சொல் சங்கிலியைப் பற்றி. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ஆறாவது படிக்கும் பெரியவள் 'மயில்' என்றாள். அடுத்து 'ல'. சின்னவன் 'லாரி' என்றதும் அது ஆங்கிலம் என்று சண்டை. கொஞ்ச நேரம் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று "லவ்டேல்!" என்று கத்தினான். எங்கள் மலை ரயில் ஸ்டேஷன். ஊர்ப்பேர் செல்லும் என்று முதலிலேயே பேசியிருந்தோம். ஆனால் அதுவும் 'ல்'லில் முடிகிறதே! அடுத்து என் முறை. முழித்தேன்.

அப்போதுதான் பெரியவள் நோட்டை எடுத்து, எந்தெந்த எழுத்தில் சொல்லே வரமாட்டேன் என்கிறது என்று எழுத ஆரம்பித்தாள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. நன்னூல் சொல்லும் கணக்குப்படி தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத எட்டு உயிர்மெய் வரிசைகளும் இவைதான். எனக்கு இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள், மறந்தும் போனது. இவள் மாட்டிக்கொண்டு தானே கண்டுபிடித்தாள். லோபி 'உலோபி' ஆனதும் ராமன் 'இராமன்' ஆனதும் இதனால்தான் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு சட்டம் போட்டாள்: இந்த எட்டில் மாட்டினால் முன்னால் அ, இ, உ சேர்த்துக்கொள்ளலாம். நான் 'உலக்கை' என்று சொல்லித் தப்பித்தேன்.

இந்த வருடமும் மழை தொடங்கிவிட்டது. முட்டை அட்டை நமத்துப்போய்விட்டது, புதிதாக வெட்ட வேண்டும். 'தமிழ்' என்று சொல்லி மாட்டிவிட்டால் 'ழ'வுக்கு உங்கள் வீட்டில் என்ன சட்டம்? சொல்லுங்கள், பெரியவள் கேட்கச் சொன்னாள்.